பச்சை தெரிந்தால் போதுமா?

"என் மச்சானை வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்கப் போறாங்களா தம்பி?" என்று கேட்டார் அண்ணன். ராயபுரம் டி.எச். ரோட்டுக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். மச்சானுக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைக் கிழிக்காமல் நாலு ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பையை எடுக்கப் போகிறார்கள். அதற்கான கையெழுத்துத் தாள் ஒன்று. அது எல்லாருக்கும் கொடுப்பது. கூடவே இன்னொன்று: புதிய ஒளிர்படக் கேமரா ஒன்றின் ஆரம்பக்கட்ட ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்கும் தாள். அண்ணனை உறுத்தியது இந்த இரண்டாவது.

"டெஸ்ட் கேமராவுக்குத்தாண்ணா. ஆனா கேமரா போற எடம் மச்சான் வயிறு. நீங்க கேக்குறது நியாயம்தான்."

அண்ணன் எண்ணூர் தெர்மல் 2017-ல் மூடும்வரை அங்கே ஷட்டவுன் வேலைகளில் ஒப்பந்த வெல்டர். அதன்பிறகு மணலிப் பக்கம் பட்டறை. கொதிகலன் குழாய்களோடு வாழ்ந்தவர். அதனால் குழாயிலிருந்தே தொடங்கினேன்.

ஈரலில் ஊறும் பித்தம் ஒரு பெரிய குழாய் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. வழியில் பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் கிளைத்துப் பித்தப்பைக்குப் போகிறது. பையை எடுக்கும்போது வெட்ட வேண்டியது அந்தச் சிறு குழாயையும், பைக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு தமனியையும் மட்டும்தான். பெரிய குழாயைத் தொடவே கூடாது. அது அறுந்தால் பித்தம் வயிற்றுக்குள் கசியும். மஞ்சள் காமாலை, சீழ், மறுபடி பெரிய ஆபரேஷன், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. படத்தில் வரைந்து காட்டினால் இதில் குழப்பமே இல்லை. வயிற்றுக்குள் இந்தக் குழாய்கள் எதிலும் பெயர் எழுதியிருக்காது. எல்லாம் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். பலமுறை வீங்கி வற்றிய பை என்றால் சுற்றியுள்ள திசுவெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சிறு குழாய் பெரிய குழாயின் மேலேயே படுத்திருக்கும்.

இதையெல்லாம் டாக்டர் நேரில் பார்ப்பதில்லை, டி.வி.யில்தான் பார்க்கிறார். தொப்புளருகே துளையிட்டு, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை விட்டு வயிற்றை உப்பவைத்து, பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள குழலை உள்ளே விடுகிறார்கள். குழலின் முனையில் வெளிச்சம், மறுமுனையில் கேமரா. கைவிரலால் தடவிப் பார்க்கும் வசதி போய்விட்டது. ஆழம் தெரிவதில்லை. கிடைப்பது தட்டையான படம் மட்டும்.

இந்த வழிக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை உண்டு. 1901-ல் கெயோர்க் கெல்லிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு நாயின் வயிற்றுக்குள் குழல் விட்டுப் பார்த்துக் காட்டினார். 1985-ல் அதே நாட்டின் போப்லிங்கன் ஊரில் எரிக் மூஹே இப்படிப் பித்தப்பையை எடுத்தபோது சக சர்ஜன்கள் முகம் சுளித்தார்கள். 1987-ல் பிரான்சின் லியோனில் பிலிப் மூரே செய்தார். குழலில் கேமராவை மாட்டிப் படத்தை டி.வி.யில் காட்டத் தொடங்கிய பிறகுதான் இது காட்டுத்தீயாய்ப் பரவியது. அதற்கு முன் ஒருவர் மட்டும் குழலில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்ப்பார், பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கு எதுவும் தெரியாது. 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா, லேப்ராஸ்கோப்பி எனப்படும் இந்தத் துளைவழி முறையில் இந்தியாவின் முதல் பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார்.

பரவிய வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1991-ல் அமெரிக்காவின் தென்மாநில சர்ஜன்கள் சேர்ந்து 1,518 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு சர்ஜன் குழுவும் செய்த முதல் 13 ஆபரேஷன்களில் பித்தக்குழாய் காயப்பட்டது 2.2 சதவீதம். அதற்குப் பிறகு செய்தவற்றில் 0.1 சதவீதம்.

அண்ணன் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்போ மொத பதிமூணு பேரு?"

அந்தக் கேள்விக்கு ஆறுதலான பதில் கிடையாது. புதிய கருவியை ஆரம்பத்தில் எப்படிச் சோதிப்பது என்று இத்தனை விதிமுறைகள் பின்னால் வந்ததற்கு அந்த மாதிரி பேர்தான் காரணம்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் லாரன்ஸ் வே குழுவினர் 252 பித்தக்குழாய்க் காயங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். கை தடுமாறியதால் வந்தவை வெறும் 3 சதவீதம். 97 சதவீதத்துக்கு மூலகாரணம் கண் ஏமாந்தது. பெரிய குழாயைச் சிறு குழாய் என்று மனம் ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், அதன்பின் திரையில் தெரியும் எல்லாம் அந்த முடிவுக்கே சாட்சி சொல்கிறது. கை சுத்தமாக, திறமையாக, தப்பான குழாயை வெட்டுகிறது. டாக்டர்கள் கெட்டிக்காரர்கள்தான், பயிற்சி போதும் என்று விட்டுவிட முடியாததற்கும், புதுக் கேமராக்காரர்கள் விடாமல் முயல்வதற்கும் காரணம் இந்த 97.

சரி, இந்தப் புதுக் கேமரா என்ன செய்கிறது? அதற்கு ஒரு சாயம் வேண்டும். இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐ.சி.ஜி. புகைப்படச் சுருள் செய்த கோடாக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சரக்கு. இதயத்தின் ரத்த ஓட்டத்தையும் ஈரலின் வேலையையும் அளப்பதற்காக 1959-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம்மூர்க் கண் டாக்டர்களுக்குப் பழகிய பொருள்தான். மதுரை அரவிந்த் குழுமத்தின் ஆரோலேப் இதை ஆரோகிரீன் என்ற பெயரில் தயாரிக்கிறது. நரம்பில் ஏற்றினால் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் ஈரல் அதை உறிஞ்சி, அப்படியே மாற்றமில்லாமல் பித்தத்தில் கொட்டிவிடும். சாயம் பித்தத்தோடு குழாய்க்குள் இறங்குகிறது. சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், சற்று நீண்ட அலையில், 830-ஐ ஒட்டி, அது திருப்பி ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி எட்டாது. கேமரா பிடித்து, பச்சை பூசித் திரையில் காட்டுகிறது. கொழுப்புக்குள் மறைந்த குழாய் வெட்டுவதற்கு முன்னாலேயே பச்சையாகத் தெரிகிறது.

"டி.பி. டெஸ்ட்டு!" என்றார் அண்ணன்.

வடசென்னையில் இரும்பு வேலை பார்த்தவர்களுக்கு டை பெனட்ரன்ட் டெஸ்ட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெல்டிங்கைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போன சாயம் கசிந்து மேலே வரும். வெள்ளையில் சிவப்புக் கோடு விழும். கறுப்பு விளக்கில் ஒளிரும் சாயமும் உண்டு.

"கோடு வந்தா கிராக்குனு எல்லாம் கெடையாது" என்று அவரே மேலே போனார். "சரியா தொடைக்கலன்னா சும்மா இருக்கற எடத்துலயும் சிவப்பு காட்டும். ஊறவிடலன்னா இருக்கற கிராக்கும் காட்டாது. ரொம்ப நேரம் உட்டா சாயம் பரவி, எங்க ஆரம்பிச்சுதுனே தெரியாது. உள்ளுக்குள்ள கீற ஓட்டைக்கு அது ஒதவவே ஒதவாது, மேல வாய் தொறந்திருக்கணும். சாயத்த யாரு வேணா அடிப்பான். படிக்கத் தெரிஞ்சவன் வேணும்."

நான் அரை மணி நேரம் சொல்ல நினைத்ததை அவர் ஒரு வாய் டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிட்டார். ஐ.சி.ஜி. விஷயத்திலும் நேரமே பெரிய சிக்கல். ஆபரேஷனுக்கு அரை மணி முன்னால் கொடுத்தால் ஈரலே பளீரென்று ஒளிர்ந்து, பக்கத்திலுள்ள குழாயை மூழ்கடித்துவிடும். பல மணி நேரம் முன்னதாகவோ முந்தைய நாளோ கொடுத்தால் ஈரலின் ஒளி அடங்கி, குழாய் தனித்துத் தெரியும். ஆனால் யார் முந்தைய நாளே வார்டுக்கு வந்து ஊசி போடுவது? பல இடங்களில் 2.5 மில்லிகிராம் என்ற சின்ன அளவு பழக்கமாகிவிட்டாலும், எவ்வளவு, எப்போது என்பதில் இன்னமும் ஆளுக்கொரு கணக்கு. ஆழமும் ஒரு வரம்பு. அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர்தான் போகும். பருமனான உடம்பிலும், வீங்கித் தடித்த பையிலும் பச்சை மங்கும். எந்த நோயாளிக்கு உதவி அதிகம் தேவையோ அவரிடம்தான் இது தயங்குகிறது. விற்பனைப் படங்களில் வருவது பெரும்பாலும் ஒல்லியான வயிறு.

திரையில் தெரியும் பச்சை சாயத்தின் நிறம் அல்ல, மிஷின் போட்ட நிறம். ஒளியை எவ்வளவு பெருக்குவது, எந்த அளவுக்கு மேலே பச்சை காட்டுவது என்பதை உள்ளேயிருக்கும் மென்பொருள் தீர்மானிக்கிறது. குமிழைத் திருகினால் மங்கலான இடமும் பச்சையாகும். இரண்டு கம்பெனிக் கேமராக்கள் ஒரே வயிற்றை இரண்டு விதமாகக் காட்டலாம்.

சாயம் பழசு, ஈரலும் பழசு, கேமரா மட்டும் புதுசு என்றால் அதை எதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். கேமராவின் சோதனை நோயாளிக்கு வெகுதூரம் முன்னாலேயே, மேசைமேல் தொடங்குகிறது. சாயத்தைப் பல அளவில் கரைத்து, திசுவைப் போல ஒளியைச் சிதறடிக்கும் ஜெலட்டின் கட்டிகளுக்குள் பல ஆழத்தில் வைத்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அளப்பார்கள். கை அசைவதற்கும் திரையில் அசைவதற்கும் எத்தனை மில்லிவினாடி தாமதம்? குழலின் முனை எவ்வளவு சூடாகிறது? தியேட்டரில் லைட் கேபிளை அஜாக்கிரதையாகத் துணிமேல் வைத்துத் துணி கருகிய கதைகள் உண்டு. மின்கசிவுக்கு ஐஇசி 60601 என்ற தரம் இருக்கிறது. ஸ்டெரிலைஸ் செய்து செய்து எடுத்தால் லென்ஸ் மங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பன்றி போன்ற விலங்குகளில். அதற்கும் தனி நெறிமுறைக் குழு உண்டு.

மனிதருக்கு வரும்போது ஆரம்ப ஆய்வு கேட்பது சிறிய கேள்விகளைத்தான். ஆபத்தில்லாமல் பயன்படுத்த முடிகிறதா? காட்டுவதாகச் சொன்னதைக் காட்டுகிறதா? ஆபரேஷனை இழுத்தடிக்கிறதா? ஒழுங்கான ஆய்வு என்றால் அது நடக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். சர்ஜன் முதலில் வழக்கமான வெள்ளை வெளிச்சத்தில் பார்த்து, இது இன்ன குழாய், இது இன்ன தமனி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது பதிவாகும். அதன்பிறகே பச்சைக்கு மாற்ற வேண்டும். மறுபடி சொல்ல வேண்டும். பச்சையைப் பார்த்து எதையும் வெட்டுவதில்லை. வெட்டுவதற்கு முன் வழக்கமான பாதுகாப்பு நிபந்தனைகள் அப்படியே நிற்கும்: சிறு குழாய், பெரிய குழாய், ஈரல் மூன்றுக்கும் இடையிலான முக்கோணத்தில் உள்ள கொழுப்பும் நாரும் விலக வேண்டும், பையின் அடிப்பாகம் ஈரலிலிருந்து பிரிய வேண்டும், பைக்குள் போவது இரண்டே இரண்டு என்று இருபுறமும் பார்த்து உறுதியாக வேண்டும். 1995-ல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்தது இது. கேமரா இந்த இடத்தில் பார்வையாளர் மட்டுமே. பிறகு அந்த வீடியோவை, ஆபரேஷனில் இல்லாத வேறு சர்ஜன்களிடம் காட்டி, அவர்களும் அதே குழாயைத்தான் சொல்கிறார்களா என்று பார்ப்பார்கள்.

அண்ணனுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. இன்ஸ்பெக்டர் வரும்போது வெல்டர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு ஃபோர்மேன் விரட்டுவாராம்.

இப்படிப் படிப்படியாகப் போவதற்கு ஒரு சட்டகமும் இருக்கிறது. மாத்திரைக்கு இருக்கும் கட்டங்கள் ஆபரேஷனுக்குப் பொருந்துவதில்லை. மாத்திரை யார் கொடுத்தாலும் அதே மாத்திரை. ஆபரேஷன் செய்பவரின் கையைப் பொறுத்து மாறும், கருவியும் நடுவிலேயே திருத்தப்படும். ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் சர்ஜன்களும் ஆய்வு முறை வல்லுநர்களும் கூடிப் பேசி, 2009-ல் லான்செட் இதழில் ஐடியல் என்ற பெயரில் ஐந்து படிகளை வைத்தார்கள். முதலில் ஒருவரிலோ ஒரு சிலரிலோ யோசனையைச் செய்து பார்ப்பது, அடுத்து சில பத்துப் பேரில் முறையைச் செதுக்குவது, பிறகு பல சர்ஜன்கள் கையில் கொடுத்துப் பார்ப்பது, அதன்பின் சீட்டுக்குலுக்கி இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடுவது, கடைசியில் வருஷக்கணக்கில் கண்காணிப்பது. நம் பக்கத்தில் இரண்டாம் படிக்கு நல்ல உதாரணம் கோவை ஜெம் மருத்துவமனை. உணவுக்குழாய்ப் புற்றுக்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துத் துளைவழி செய்யும் முறையை டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 130 நோயாளிகளின் கணக்கோடு 2006-ல் வெளியிட்டார்கள். உலகம் அதைக் கவனித்தது. ஒரு குழுவின் 130 வெற்றிகரமான கணக்கு என்பது அடுத்தவர் கையில் என்ன ஆகும் என்று கேட்பதற்கான தொடக்கம்.

பித்தக்குழாய்ப் பச்சையும் இந்தப் படிகளில் ஏறியது. ஜப்பானின் தகேயாகி இஷிசாவா குழு 52 பேரில் செய்து பார்த்து 2010-ல் எழுதியது. 52 பேரிலும் குழாய்கள் தெரிந்தன. 2019-ல் பெர்னாண்டோ டிப் தலைமையில் 639 நோயாளிகளைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டார்கள். வெட்டுவதற்கு முன்பே குழாயை அடையாளம் காண்பதில் பச்சை தெளிவாக வென்றது. குழாய்க் காயம் இரண்டே இரண்டு, இரண்டும் வெள்ளை வெளிச்சக் குழுவில்.

"அப்ப முடிஞ்சுதே கதை!"

முடியவில்லை. ஆயிரத்துக்கு மூன்று நாலு என்று நடக்கும் ஒரு விபத்து பாதியாகக் குறைகிறது என்று நிரூபிக்க, ஒவ்வொரு பக்கமும் பத்தாயிரம் பேருக்கு மேல் வேண்டும். 639-ல் இரண்டு காயம் என்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஆகவே இன்றைக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது: குழாய் நன்றாகத் தெரிகிறது என்பது உறுதி. அதனால் காயம் குறைகிறது என்பது நம்பத் தகுந்தது, நிரூபணம் பாக்கி. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் கேமரா வியாபாரமே நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த இடைவெளியில் விழுந்தவை உண்டு. 1990-களில் முப்பரிமாண லேப்ராஸ்கோப்பி வந்தது. ஆழம் தெரிந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எல்லாருக்கும் தோன்றியது, யாருக்குத்தான் தோன்றாது? ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹன்னா, ஷிமி, குஷியெரி மூவரும் 60 பித்தப்பை ஆபரேஷன்களில் ஒப்பிட்டு 1998-ல் லான்செட்டில் எழுதினார்கள். நேரத்திலும் பிழையிலும் வித்தியாசமில்லை. சர்ஜன்களுக்குக் கண்ணெரிச்சலும் தலைவலியும் மிச்சம். பின்னால் திரைகளும் கண்ணாடிகளும் மேம்பட்டு அது வேறு உருவில் திரும்பி வந்தது வேறு கதை.

குடலில் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய பாடம். குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைக்கும்போது, அங்கே ரத்த ஓட்டம் போதாவிட்டால் இணைப்பு பிய்ந்து கசியும். ஐ.சி.ஜி. ஏற்றினால் ரத்தம் வரும் இடம் ஒளிரும். அமெரிக்காவில் பில்லர்-2 என்ற ஆய்வு 139 பேரில் நடந்தது. 11 பேருக்குப் படத்தைப் பார்த்து வெட்டும் இடத்தையே மாற்றினார்கள். மொத்தக் கசிவு 1.4 சதவீதம்தான். ஒப்பிட எதிர்க்குழு கிடையாது என்றாலும் எண்ணைப் பார்த்து ஊரே கொண்டாடியது. அடுத்து பில்லர்-3, இந்த முறை சீட்டுக்குலுக்கி, மலக்குடல் ஆபரேஷன்களில். ஆள் சேர்வது குறைந்து 347 பேரோடு நின்றுபோனது. பச்சை பார்த்த குழுவில் கசிவு 9.0 சதவீதம், பார்க்காத குழுவில் 9.6. வித்தியாசமே இல்லை. ஆனால் 2023-ல் ஜப்பானிலிருந்து 800-க்கு மேற்பட்ட நோயாளிகளோடு எசென்ஷியல் என்ற ஆய்வு வந்தது. அதில் 7.6-க்கு எதிரே 11.8. இங்கே பச்சைக்கு வெற்றி.

எதை நம்புவது என்று அண்ணன் கேட்டார். மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் ஆய்வின் 1.4-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு எவராவது கருவி விற்க வந்தால் எழுந்து போய்விடலாம். கசிவுக்கு ரத்த ஓட்டம் ஒரு காரணம் மட்டுமே. இணைப்பு இழுபட்டாலும், முன்பே கதிர்வீச்சு கொடுத்திருந்தாலும், நோயாளி புகைபிடிப்பவராக இருந்தாலும் கசியும். அதில் கேமராவுக்கு வேலையில்லை. மேலும் அண்ணன் சொன்ன அதே ஊறல் விவகாரம் இங்கேயும் உண்டு. சாயம் ஏற்றி முதல் நிமிடத்தில் நல்ல குடல் ஒளிரும், ரத்தம் குறைந்த குடல் இருண்டு நிற்கும். இன்னும் சில நிமிடம் காத்திருந்தால் பக்கத்திலிருந்து சாயம் பரவி அதுவும் பச்சையாகிவிடும். தாமதமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தெரியும்.

டீக்கடைக்காரர் மசால் வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் பேச்சு காசுக்குத் திரும்பியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கும், அதற்கு முன் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி இருந்த ராயபுரத்தில் மருத்துவத்தைப் பற்றிப் பேசினால் காசு வராமல் போகாது. விலையுயர்ந்த கேமராக்கள் மட்டும்தான் புதுமை என்பதில்லை. டாக்டர் ஜே. ஞானராஜ் வடகிழக்கு மாநிலக் கிராமங்களில், வாயு விடாமல் வயிற்றுச் சுவரைக் கம்பி வளையத்தால் மேலே தூக்கிவைத்து லேப்ராஸ்கோப்பி செய்து காட்டியவர். வாயு இல்லாததால் முழு மயக்கம் இல்லாமலே, முதுகில் ஊசி போட்டே பல ஆபரேஷன்கள் செய்யலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் அவரோடு சேர்ந்து அந்தக் கருவியைச் செம்மைப்படுத்தினார்கள். எளிய கருவி என்பதால் அதன் சோதனை எளிதாகிவிடவில்லை; வாயு விட்டால் கிடைக்கும் அளவுக்கு இடம் கிடைக்கிறதா, பார்வை தெளிவா என்ற அதே கேள்விகள் அதற்கும்தான்.

மச்சானின் தாளுக்கு வந்தோம். இந்தியாவில் இதற்குச் சட்டம் உண்டு. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017, அடுத்த ஆண்டிலிருந்து அமலில். மனிதரில் முதல்முறை செய்யும் முன்னோடி ஆய்வு தனி, அதற்குப் பிறகு வரும் பெரிய ஆய்வு தனி. இரண்டுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். ஆய்வினால் காயம் வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் ஆய்வை நடத்துபவர் பொறுப்பு. சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. அதில் பதிவான எண் தாளில் இருந்தால் எவரும் இணையத்தில் தேடி, யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

அண்ணன் பேனா கேட்டு வாங்கி, தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். ஐ.சி.ஜி. சாயத்தில் அயோடின் சேர்ந்திருக்கும். மச்சானுக்கு ஏற்கெனவே அயோடின் மருந்து எதற்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று வீட்டில் கேட்க வேண்டும். இந்தக் கேமராவோடு டாக்டர் இதுவரை எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறார்? ஆய்வில் சேராவிட்டாலும் அதே தேதியில் அதே ஆபரேஷன் நடக்குமா? சாயத்துக்கும் கூடுதல் நேரத்துக்கும் யார் காசு? காப்பீட்டு அட்டையில் கை வைப்பார்களா? நடுவில் வேண்டாம் என்றால் விடுவார்களா? படமும் வீடியோவும் யாரிடம் இருக்கும், பேர் அழித்துத்தான் வைப்பார்களா? கையெழுத்துப் போட்ட தாளின் நகல் கைக்கு வருமா? கடைசி இரண்டுக்கும் பதில் ஆம் என்றுதான் வர வேண்டும். தாளைத் தமிழில் படித்துக்காட்டி, யோசிக்க நேரமும் கொடுக்க வேண்டும். அதை அவர்கள் உதவியாகச் செய்வதில்லை. 2017-ஆம் ஆண்டின் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகள் கேட்கும் குறைந்தபட்சம் அது.

"சேரச் சொல்லட்டா, வேணாம்னு சொல்லட்டா?"

அதை மச்சான்தான் சொல்ல வேண்டும், அண்ணன் கூட இல்லை. நான் என்றால் சர்ஜன் அந்தக் கேள்விகளைக் கேட்டு எரிச்சல்படாமல் பதில் சொன்னால் சேருவேன். ஆய்வு முறையாக நடந்தால், வழக்கத்தைவிடக் கூடுதல் கண்கள் அந்த ஆபரேஷனைக் கவனிக்கும். எரிச்சல்பட்டால் வழக்கமான வெள்ளை வெளிச்சமே போதும். அந்த வெளிச்சத்தில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் பித்தப்பை எடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "பச்சையே வரலன்னா? ஒண்ணுமே தெரியலன்னா?"

வழக்கமான முறையில் தொடர்வார்கள். அதிலும் குழாய் பிடிபடாவிட்டால் பெரிய கீறல் போட்டுத் திறந்து செய்வார்கள். முதல் தாளிலேயே அதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். திறந்ததைத் தோல்வி என்று டாக்டரும் நினைக்கக் கூடாது, நோயாளியும் நினைக்கக் கூடாது.

"அது இல்ல தம்பி நான் கேக்குறது. எங்க சைட்டுல சில பேர் பாஸான ஜாயின்ட்டு மட்டும்தான் ரிப்போர்ட்டுல ஏத்துவான். ரிஜெக்ட் ஆனத ராவோட ராவா கிரைண்ட் பண்ணி மறுபடி வெல்டு அடிச்சு, மொத தடவையே பாஸுனு எழுதிடுவான். இவங்க பச்சை தெரியாத ஆளையும் கணக்குல சேப்பாங்களா?"

முறையான ஆய்வில் சேர்க்கத்தான் வேண்டும். எத்தனை பேரைச் சேர்க்கிறோம், எதை வெற்றி என்று எண்ணுகிறோம் என்பதை முதல் நோயாளிக்கு முன்பே பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்வது, பின்னால் யாரும் கணக்கை மாற்றாமல் இருக்கத்தான். பக்கத்தைப் புரட்டி, மேல் மூலையில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண்ணைக் காட்டினேன். அண்ணன் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு, கேள்விப் பட்டியலின் கடைசியில் இதையும் சேர்த்து எழுதினார்: தெரியாமப் போனது எத்தனை பேர், அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு.